அரையடி நிழல்: தார் பாலைவனத்தில் கூடுகளைத் தேடி

ஜெய்சல்மேரிலிருந்து குரி கிராமத்துக்குப் போகும் சாலையில், பயணத்தின் இரண்டாம் நாள் காலை, ஒரு சின்ன வானம்பாடி எங்கள் வண்டிக்கு முன்னால் குறுக்கே ஓடிச் சாலையைக் கடந்தது. பத்தடி தள்ளியிருந்த ஒரு புல் தூருக்குப் பின்னால் போய் மறைந்தது. பிறகு வெளியே வரவே இல்லை. பாலைவனத்தில் ஒரு பறவை போன இடத்திலேயே இருந்துவிட்டால் அங்கே அதற்கு வேலை இருக்கிறது என்று பொருள். வண்டியைச் சற்று முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டுத் தொலைநோக்கி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்து, கறுப்பு வயிறும் கறுப்புத் தலையும் வெள்ளை நெற்றியுமாக ஆண் பறவை தரையோடு தரையாக நடந்து வந்தது. மணல் நிறத்துப் பெண் பறவை எழுந்து விலகியது. ஒன்று எழுந்து மற்றொன்று அமர்வதற்கு இடைப்பட்ட அந்த இரண்டு மூன்று நொடிகளில்தான் கூட்டைப் பார்க்க முடிந்தது.

கருந்தலை வானம்பாடியின் கூடு அது. உள்ளங்கையைக் குழித்தால் எவ்வளவு ஆழம் வருமோ அவ்வளவே ஆழம். உள்ளே மெல்லிய வேர்களும் புல் நாரும் சுற்றிப் பதிக்கப்பட்டிருந்தன. வெளி விளிம்பில், சுண்டைக்காய் அளவுள்ள கற்களும் காய்ந்த மண்கட்டிகளும் ஒரு பக்கமாக அடுக்கப்பட்டு, சிறிய திண்ணை போலத் தெரிந்தன. காற்றில் உருண்டு வரும் மணல் குழிக்குள் விழாமல் தடுப்பதற்கும், குழியின் விளிம்பு சரியாமல் இருப்பதற்கும் அந்தக் கல்வரிசை உதவும். அதற்குள் பழுப்புப் புள்ளிகளோடு இரண்டு முட்டைகள். ஒவ்வொரு கல்லையும் அந்தப் பறவை அலகால் தூக்கி வந்து வைத்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், சிறிய கூடு என்று சொல்ல மனம் வரவில்லை.

கூடு தூரின் கிழக்குப் பக்கத்தில் இருந்தது. இந்த ஒரு விவரத்தை நான் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு எழுதினேன். ஜெய்சல்மேர் ஏறத்தாழ 27 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஜூன் மாதக் கடைசியில் நண்பகல் சூரியன் அங்கே ஏறக்குறைய தலைக்கு மேலேயே நிற்பதால், எந்தப் பக்கமும் நிழல் என்று சொல்லும்படி ஒன்றும் விழாது. அதன் பிறகு வெயில் மேற்கே சாயச் சாய, தூரின் நிழல் கிழக்கே நீள்கிறது. ஓரடி உயரமுள்ள தூர் பிற்பகல் மூன்று மணிக்கு ஏறக்குறைய அரையடி நிழல் தருகிறது. தரை அதிகமாகக் கொதிக்கும் நேரமும் அதுதான். காலை வெயிலை அந்தக் கூடு முழுமையாக வாங்கிக்கொள்கிறது, ஆனால் காலை வெயில் கொல்லாது. ஒரு நாளின் வெப்பத்தில் எந்த மூன்று மணி நேரம் முட்டைக்கு எமன் என்பது தெரிந்து, அந்த மூன்று மணி நேரத்துக்காக மட்டும் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது.

நான் இந்தப் பயணத்துக்குப் புறப்பட்டது கூடுகளைப் பார்ப்பதற்காகத்தான் என்றாலும், உண்மையில் பார்க்க விரும்பியது இதைத்தான். அடைகாத்தல் என்றதும் முட்டைக்கு உடம்புச் சூட்டைக் கொடுப்பது என்றே நாம் நினைக்கிறோம். பெரும்பாலான பறவைகளின் கரு வளர்வதற்கு 37, 38 டிகிரி செல்சியஸ் அளவில் வெப்பம் வேண்டும். கொஞ்ச நேரம் குளிர்ந்தால் கரு தாங்கிக்கொள்ளும், ஆனால் சில டிகிரி கூடுதலான சூட்டை அதனால் நெடுநேரம் தாங்க முடியாது. கோடையில் தார் பாலைவனத்தின் வெட்டவெளி மணல் 60 டிகிரியைத் தாண்டிச் சுடும். அங்கே ஒரு முட்டையைத் திறந்த வெயிலில் விட்டுவிட்டால், அது சிறிது நேரத்தில் வெந்துவிடும். ஆகவே இங்கே பறவை முட்டையின் மேல் உட்காருவது சூடு கொடுப்பதற்காக அல்ல, சூட்டைத் தடுப்பதற்காக. தமிழில் அந்தச் சொல்லுக்குள் 'காத்தல்' இருப்பது எனக்கு இதுவரை இவ்வளவு பொருத்தமாகத் தோன்றியதில்லை.

ஜூன் கடைசி வாரத்தில் ஜோத்பூரில் தொடங்கி, பலோடி, பொக்ரான், ராம்தேவ்ரா, ஜெய்சல்மேர் வழியாக சம், குரி என்று சுற்றி, பார்மேர் பக்கமாக இறங்கித் திரும்புவது எங்கள் திட்டம்; 12 நாள். பறவை பார்ப்பவர்கள் வழக்கமாக இந்தப் பகுதிக்கு நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில்தான் வருவார்கள். வலசைப் பறவைகள் வந்திருக்கும், வெயிலும் இதமாக இருக்கும். ஆனால் வலசை வந்த பறவை விருந்தாளி. அது இங்கே கூடு கட்டாது. பாலைவனத்தின் சொந்தக்காரர்கள் எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்று பார்க்க வேண்டுமானால் அவர்கள் படும் வெயிலில்தான் போக வேண்டும். 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவான பலோடியைத் தாண்டும்போது அந்த எண்ணம் கொஞ்சம் தளர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓட்டியவர் ஜெய்சல்மேருக்கு மேற்கே ஒரு 'டாணி'யைச் சேர்ந்தவர். டாணி என்றால் நாலைந்து வீடுகள் கொண்ட குடியிருப்பு. ஆடு மேய்க்கும் குடும்பம். நான் அவரை 'பாய்சா' என்று அழைத்தேன்; அண்ணா என்பதற்கு அங்கே வழங்கும் மரியாதைச் சொல் அது. பறவைகளின் ஆங்கிலப் பெயர்களில் பாதி அவருக்குத் தெரியாது. ஒரு பறவை எங்கே உட்காரும் என்பது எல்லாம் தெரியும்.

புறப்படும் முன்பே சில நிபந்தனைகளை எனக்கு நானே விதித்துக்கொண்டிருந்தேன். கூட்டைப் படம் எடுப்பதில்லை. முட்டையைத் தொடுவதில்லை. இயன்றவரை வண்டிக்குள்ளிருந்தே பார்ப்பது. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் கூடுகளைப் பற்றிப் படித்தவர்கள் பெரும்பாலும் முட்டைகளை எடுத்துத் துளையிட்டு, உள்ளிருப்பதை வெளியேற்றி, பஞ்சுப் பெட்டிகளில் வரிசையாக வைத்தவர்கள். ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1885இல் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்த மாபெரும் சேகரிப்பில் பறவைத் தோல்களோடு முட்டைகளும் உண்டு. அவர்களால்தான் நமக்குப் பல செய்திகள் தெரியும் என்பதையும் மறுக்க முடியாது. இன்று 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் முட்டை எடுப்பதையும் கூட்டைச் சேதப்படுத்துவதையும் குற்றமாக்கியிருக்கிறது. ஆனால் சட்டம் பிடிக்காத சேதம் ஒன்று உண்டு. அதை நான்காம் நாள் நானே செய்தேன்.

சம் பகுதிக்கு வடக்கே, சரளைக்கல் பரவிய ஒரு சமவெளியில், கல்குருவி ஒன்று தரையில் அமர்ந்திருந்ததைப் பாய்சா காட்டினார். செம்பழுப்பு உடலும் கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடும் கொண்ட, நீண்ட கால்களால் விடுவிடென ஓடும் பறவை அது. அது கூடு என்று எதையும் கட்டுவதில்லை. வெறும் தரையில், கற்களுக்கு நடுவே முட்டையிடும். கற்களின் நிறமும் முட்டையின் நிறமும் ஒன்றுபோலவே இருப்பதால் தொலைநோக்கியில் எதுவும் பிடிபடவில்லை. என் விதியை நானே மீறி, வண்டியிலிருந்து இறங்கி, முப்பது நாற்பது அடி நடந்து போனேன். பறவை எழுந்து ஓடியது. முட்டைகள் இரண்டையும் பார்த்துவிட்டுத் திரும்பினேன். எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடத்துக்குள்தான் இருக்கும். மறுநாள் காலை அதே வழியில் வந்தபோது பறவையும் இல்லை, முட்டைகளும் இல்லை. என் காலணித் தடத்தை ஒட்டியே ஒரு பெரிய காக்கையின் கால் தடம் போயிருந்தது. அங்கே அண்டங்காக்கையைவிடப் பெரிய ரேவன் காக்கைகள் மின்கோபுரங்களின் உச்சியில் உட்கார்ந்து நாள் முழுவதும் சமவெளியை நோட்டம் விடுகின்றன. வெட்டவெளியில் ஒரு மனிதன் ஓரிடத்துக்கு நடந்து போய், குனிந்து பார்த்து, திரும்பினால் அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்பது அவற்றுக்குத் தெரியும். தரையில் கூடு வைக்கும் பறவைக்கு இருக்கும் ஒரே கதவு யாரும் தன்னைக் கவனிக்காமல் இருப்பதுதான். அந்தக் கதவை நான் திறந்துவிட்டேன். பாய்சா என்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எட்டு நாளும் நான் எந்தக் கூட்டை நோக்கியும் ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

ஆறாம் நாள் பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மழைநீரைத் தேக்கி வைக்கும் ஊர்க் குளத்தை அங்கே 'நாடி' என்கிறார்கள். ஜெய்சல்மேரில் ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு; ஜூன் முடிவில் பெரும்பாலான நாடிகள் வெடித்த சேறாகிவிடும். ஓரண் எனப்படும் கோயில் காடு ஒன்றின் ஓரத்தில், முழங்கால் ஆழத்துக்குக் கலங்கிய நீர் மிச்சமிருந்த ஒரு நாடிக்குப் பாய்சா எங்களை விடியுமுன் கொண்டுபோய் நிறுத்தினார். சூரியன் ஏறி இரண்டு மணி நேரம் ஆன பிறகு கல்கௌதாரிகள் வரத் தொடங்கின. முதலில் குரல்தான் வந்தது. கூட்டமாகப் பறந்தபடியே அவை எழுப்பும் இரட்டை ஒலி நாலா பக்கமிருந்தும் கேட்கும். நேராகத் தண்ணீரில் இறங்காமல், சற்றுத் தள்ளி வெறுந்தரையில் இறங்கி, கழுத்தை நீட்டிச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பிறகு எல்லாம் ஒன்றாக ஓடி வந்து குடித்தன. குடிப்பது சில நொடிகள். அதற்குள் திரும்பிப் பறந்துவிடுகின்றன. நீர்நிலைக்கு வரும் பறவைக்காக வல்லூறும் காத்திருக்கும் என்பது அவற்றுக்குத் தெரியும்.

ஆனால் ஓர் ஆண் பறவை மட்டும் போகவில்லை. அது வயிறு நனையும் அளவுக்குத் தண்ணீருக்குள் நடந்து போய் நின்று, வயிற்று இறகுகளைச் சிலிர்த்து விரித்து, படகு அலையில் ஆடுவது போல முன்னும் பின்னும் உடம்பை ஆட்டிக்கொண்டிருந்தது. மற்றவை எல்லாம் போன பிறகும், பின்னால் வந்த இரண்டாவது கூட்டம் குடித்துவிட்டுப் போன பிறகும், அது அங்கேயே நின்றது. என் கைக்கடிகாரத்தின்படி 11 நிமிடம். பிறகு எழும்பிப் பறந்தபோது அதன் கரும்பழுப்பு வயிறு ஈரத்தில் இன்னும் கறுத்து, எண்ணெய் தேய்த்தது போல மின்னியது. தெற்கே, வெறும் மண்ணைத் தவிர வேறொன்றும் தெரியாத திசையில், அது நேர்கோட்டில் போய் மறைந்தது. அந்தத் திசையில் எங்கோ, பிறந்த அன்றே நடக்கத் தொடங்கிவிட்ட, ஆனால் பறக்க முடியாத குஞ்சுகள் அதற்காகக் காத்திருந்தன. கல்கௌதாரிகள் காய்ந்த விதைகளைத் தின்று வாழ்பவை. அந்த உணவில் நீர்ச்சத்து கிடையாது. தந்தை வந்து நிமிர்ந்து நின்றதும் குஞ்சுகள் அதன் வயிற்றுக்கடியில் புகுந்து, இறகுகளை அலகால் இழுத்து உருவிக் குடிக்கும்.

இந்தச் செய்தியை 1896இல் மீட்-வால்டோ என்ற ஆங்கிலேயர், தாம் கூண்டில் வளர்த்த பறவைகளைப் பார்த்து எழுதியபோது, பலர் நம்பவில்லை. அதன்பின் எழுபதாண்டுகள் கழித்து, டாம் கேட், கார்டன் மெக்லீன் என்ற இரு ஆய்வாளர்கள் ஆப்பிரிக்காவின் கலகாரியில் வாழும் இனம் ஒன்றைக் கவனித்து, 1967இல் அதை உறுதிப்படுத்தினார்கள். ஆண் பறவையின் வயிற்று இறகுகளில் உள்ள நுண்ணிழைகள் காய்ந்திருக்கும்போது சுருள் சுருளாகத் தட்டையாகப் படிந்திருக்கும். நனைந்ததும் சுருள் அவிழ்ந்து நிமிர்ந்து அடர்ந்த வலை போலாகி, நீரை இடையில் பிடித்து வைத்துக்கொள்ளும். 2023இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தையும் எம்.ஐ.டி.யையும் சேர்ந்த ஆய்வாளர்கள் நுண்ணோக்கிகளின் கீழ் இந்த இழைகள் விரிவதைப் படம்பிடித்துக் காட்டினார்கள். ஆப்பிரிக்க இனத்தின் ஆண் ஏறத்தாழ 25 மில்லி நீரைச் சுமக்கிறது. ஒரு சின்ன மருந்துப் பாலாடையில் இரண்டு மூன்று முறை ஊற்றும் அளவு. இதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன். படித்ததெல்லாம் அந்த 11 நிமிடத்துக்கு ஈடாகாது.

அதே நாடியின் மேட்டில் சிவப்புமூக்கு ஆள்காட்டி ஒன்று நான்கு முட்டைகளோடு இருந்தது. ஆள்காட்டியை அறியாத தமிழர் இல்லை. ஆனால் இவ்வளவு வெயிலில் அது என்ன செய்கிறது என்று நான் பார்த்ததில்லை. மதியம் நெருங்கியதும் அது முட்டைகளின் மேல் உட்காராமல், கால்களை மடக்காமல், அவற்றின் மேல் குடை போல நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது. தொண்டைத் தோல் இடைவிடாமல் துடித்துக்கொண்டிருந்தது. வியர்வைச் சுரப்பி இல்லாத பறவைக்கு, தன் உடம்பில் உள்ள நீரை இப்படி மூச்சோடு ஆவியாக்குவதுதான் குளிர்ச்சி. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இணைப்பறவை தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து இடம் மாறியது. ஈர வயிறு முட்டைகளின் மேல் படிந்தது. மூன்று மணி நேரத்தில் எட்டு முறை இப்படி மாறின. அந்த மூன்று மணி நேரம் வண்டிக்குள் உட்கார்ந்திருந்த எங்களால் நான்கு லிட்டர் தண்ணீர் குடித்தும் தாங்க முடியவில்லை.

மற்றக் கூடுகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். சாலை போடுவதற்காக மண் எடுத்த பள்ளங்களின் செங்குத்துச் சுவர்களில் பஞ்சுருட்டான்கள் வளை தோண்டியிருந்தன. மண்ணுக்குள் ஒரு முழத்துக்கு மேல் போய்விட்டால் வெளியே என்ன வெயிலானாலும் உள்ளே சூடு ஏறக்குறைய ஒரே சீராக இருக்கும். இலைகளே இல்லாத கேர் புதர்களின் பச்சைத் தண்டுகளுக்கு நடுவே வெண்காதுச் சின்னானின் கிண்ணக் கூடு. ஜோத்பூருக்குப் பக்கத்தில் ஒரு கிணற்றுக்கு மேல் சாய்ந்த கிளையில் தூக்கணாங்குருவிகள் முதல் முடிச்சுகளைப் போட்டுக்கொண்டிருந்தன. அவை மழையை எதிர்பார்த்துக் கட்டுபவை.

பெரிய கூடுகளுக்கு வேறு கணக்கு. நம் ஊரில் வன்னி என்று கும்பிடும் மரமே அங்கே கேஜ்ரி. தார் பாலைவனத்தின் நிழல் என்றால் பெரும்பாலும் அந்த மரத்தின் நிழல்தான். 1730இல் ஜோத்பூர் அருகே கேஜர்லியில், அரண்மனைக்காக இந்த மரங்களை வெட்ட வந்தபோது, மரங்களைக் கட்டிப் பிடித்துக்கொண்டு 363 பிஷ்னோய் மக்கள் உயிர் கொடுத்தார்கள். அந்த மரங்களின் தலைப்பில் முள்ளும் சுள்ளியும் சேர்த்து, கட்டில் அகலத்துக்குக் கட்டிய மேடைகளைப் பல இடங்களில் பார்த்தோம். கழுகுகளும் பாறுகளும் கட்டியவை. எல்லாமே காலி. அவை குளிர்காலத்தில் முட்டையிட்டு, வெயில் உக்கிரமாவதற்குள் குஞ்சுகளைப் பறக்கவிட்டுவிடுகின்றன. மரத்தின் உச்சியில், நிழலே இல்லாத இடத்தில் கூடு வைப்பவர்களுக்கு அதுதான் சரியான பருவம். ஆக ஒரே பாலைவனத்தில் இரண்டு பஞ்சாங்கங்கள் நடக்கின்றன: உயரத்தில் இருப்பவர்கள் குளிருக்கும், தரையில் இருப்பவர்கள் புல்லும் பூச்சியும் வரும் மழைக்குமாக நாள் குறித்துக்கொள்கிறார்கள்.

கானமயிலைப் பற்றி எழுதாமல் தார் பாலைவனத்தைப் பற்றி எழுத முடியாது. ராஜஸ்தானின் மாநிலப் பறவை அது. அங்கே 'கோடாவண்' என்பார்கள். ஒரு மீட்டர் உயரம், ஆண் பறவை 15 கிலோ வரை எடை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் புல்வெளிகள் வரை இருந்த பறவை, இன்று உலகம் முழுவதிலும் 150 அளவில்தான் எஞ்சியிருக்கிறது. அதில் பெரும்பகுதி ஜெய்சல்மேர் மாவட்டத்தில். 3,162 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள பாலைவனத் தேசியப் பூங்கா 1980இல் அறிவிக்கப்பட்டதே முதன்மையாக இதற்காகத்தான். இவ்வளவு பெரிய பறவை, சேவண் புல்வெளியில் வெறும் தரையில், வழக்கமாக ஒரே ஒரு முட்டை இடுகிறது. பெண் மட்டுமே ஏறத்தாழ நான்கு வாரம் அடைகாக்கிறது. கல்குருவிக்கு நான் செய்தது இந்தப் பறவைக்கு நடந்தால் ஓர் ஆண்டே போய்விடும். அதனால் கானமயிலின் கூட்டைத் தேடக் கூடாது என்பதைப் பயணத்துக்கு முன்பே முடிவு செய்திருந்தேன்.

கூட்டைத் தேடவில்லை, பறவையைப் பார்த்தோம். எட்டாம் நாள் மாலை, சுதாசரிப் பக்கத்துச் சாலையிலிருந்து, அரை கிலோமீட்டருக்கும் அப்பால், இடுப்பளவுப் புல்லுக்கு மேலே ஒரு வெண்சாம்பல் கழுத்து மட்டும் நிதானமாக நகர்ந்தது. பெண் பறவை. தலையில் கறுப்புத் தொப்பி. ஒவ்வொரு அடிக்கும் நின்று, அலகைச் சற்று மேலே தூக்கிப் பார்த்துவிட்டு அடுத்த அடி வைத்தது. பாய்சா எஞ்சினை அணைத்தார். இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு நானே கிளம்பச் சொன்னேன்.

அதன் பின்னால், அடிவானத்தில், காற்றாலைகளும் உயரழுத்த மின்கம்பிகளும் வரிசையாக நின்றன. கானமயிலுக்கு நேர் முன்னால் பார்க்கும் பார்வை குறுகியது, உடம்போ கனமானது. கம்பி கண்ணில் பட்ட பிறகு விலகித் திரும்ப அதற்கு நேரம் கிடைப்பதில்லை. 4,200 சதுர கிலோமீட்டர் பரப்பில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 84,000 பறவைகள் மின்கம்பிகளால் சாகின்றன என்று இந்தியக் காட்டுயிர் நிறுவனத்தின் ஆய்வு மதிப்பிட்டது. உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் இந்தப் பகுதியின் கம்பிகளைத் தரைக்கடியில் பதிக்கச் சொன்னது; 2024 மார்ச்சில் அந்த ஆணையைத் தளர்த்தி, ஒரு வல்லுநர் குழுவிடம் விட்டது. சூரிய மின்சாரம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்த நிலத்தில் ஒன்றுமில்லை என்ற எண்ணத்தின் மேல் அதை நட்டுவைப்பது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். வருவாய்த்துறைக் கணக்கில் இந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதி 'தரிசு'. ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கிளையொன்றும் ஒடிக்காமல் வைத்திருக்கும் ஓரண்களில் பலவும் அதே கணக்கில்தான் இருந்தன. 2024 டிசம்பரில்தான் அவற்றை அளந்து வனமாக அறிவிக்கும்படி உச்ச நீதிமன்றம் ராஜஸ்தான் அரசுக்கு ஆணையிட்டது. கல்கௌதாரி நீர் சுமந்த அந்த நாடியும் ஓர் ஓரணுக்குள்தான் இருக்கிறது. பசுமை என்ற பெயரில் வந்த மாற்றங்களும் புல்வெளிக்கு நல்லதாக முடியவில்லை: 1958இல் தொடங்கிய, இன்று 649 கிலோமீட்டர் நீளமுள்ள இந்திரா காந்தி கால்வாய் போன இடங்களில் சேவண் புல் போய் வயல் வந்தது, அத்துடன் தரைக்கூடுகளும் போயின. நாங்கள் மேற்கே போகும்போது கால்வாயோரத்தில் நிறுத்தி இரண்டு மணி நேரம் பார்த்தோம். சிட்டுக்குருவியும் புறாவும் நிறைய இருந்தன. வானம்பாடி ஒன்றுகூட இல்லை.

நம் மரபில் பாலை என்பது தனி நிலம் அல்ல. குறிஞ்சியும் முல்லையும் வறண்டு திரிந்த நிலை. அப்படிப் படித்து வளர்ந்ததால் எனக்கும் பாலை என்றால் எதையோ இழந்த நிலம் என்ற எண்ணம் உள்ளூர இருந்தது. ஒன்பதாம் நாள் காலை கொண்டலாத்தி வானம்பாடி அதைக் கலைத்தது. வளைந்த நீண்ட அலகோடு மணல் நிறத்தில் நடந்துகொண்டிருந்த அந்தப் பறவை, ஒரு சிறு புதரின் மேலேறி, புல்லாங்குழலில் ஒரே சுரத்தை மெல்ல மெல்ல வேகம் கூட்டி ஊதுவது போலப் பாடிக்கொண்டே செங்குத்தாக எழும்பியது. மேலே போனதும் சிறகு விரிந்து, அதுவரை மறைந்திருந்த கறுப்பு வெள்ளைப் பட்டைகள் பளிச்சிட்டன. ஒரு கணம் குப்புறத் திரும்பி, அப்படியே கல் போல விழுந்து, தரைக்குச் சற்று மேலே சிறகு விரித்து அமர்ந்தது. இது மழையை இழந்த நிலத்தின் பறவை அல்ல. வறட்சியையே வீடாக்கிக்கொண்ட பறவை. வெயில் உச்சத்துக்குப் போகும் மாதங்களில் இது கூட்டைத் தரையில் வைக்காமல், புதருக்குள் ஓரடி ஒன்றரை அடி உயரத்தில் வைப்பதும் உண்டு. கொதிக்கும் தரையிலிருந்து அவ்வளவு விலகினாலே காற்று படும். அரேபியப் பாலைவனத்தில் இதே பறவை நண்பகலில் முள்வால் பல்லியின் வளைக்குள் இறங்கி வெயிலைக் கழிப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்தப் பல்லியின் வளைகள் இங்கேயும் வழியெங்கும் இருந்தன. வானம்பாடி எதுவும் உள்ளே போவதை நான் பார்க்கவில்லை.

பத்தாம் நாள் பிற்பகல் மேற்கே வானம் செம்மண் நிறமானது. 'ஆந்தி' வருகிறது என்று சொல்லிப் பாய்சா வண்டியைச் சாலையோரம் காற்றுக்கு முதுகு காட்டி நிறுத்தினார். அரை மணி நேரம் வெளியே எதுவும் தெரியவில்லை. மணல் தகரத்தில் உரசும் ஓசை மட்டும். பிறகு பெரிய பெரிய துளிகளாகக் கால் மணி நேரம் மழை பெய்து நின்றது. நான் நினைத்துக்கொண்டிருந்ததெல்லாம் அந்தப் புல் தூரையும், அலகால் அடுக்கிய அந்தக் கல் திண்ணையையும்தான். ஆள்காட்டியின் மேட்டுக்குத் தண்ணீர் ஏறியிருக்காது. ஆனால் உள்ளங்கைக் குழிக்கு மணலே போதும்.

பார்மேருக்குப் போகும் திட்டத்தை விட்டுவிட்டுப் பன்னிரண்டாம் நாள் காலை மறுபடி குரி சாலைக்கே வந்தோம். அதே இடத்தில், அதே தொலைவில் வண்டியை நிறுத்தினோம். தொலைநோக்கியில் தூர் தெரிந்தது. குழி பாதிக்கு மேல் மணல் மூடிக் கிடந்தது. மேற்கிலிருந்து வந்த மணலைத் தூர் முடிந்தவரை தடுத்திருந்தது. கல்வரிசையில் நாலைந்து கற்கள் மட்டும் மணலுக்கு வெளியே தெரிந்தன. கருந்தலை வானம்பாடியின் குஞ்சுகள் பறக்கக் கற்பதற்கு முன்பே, பொரித்து ஒரு வாரம் சொச்சத்தில், கூட்டை விட்டு நடந்து போய்விடும். நாங்கள் பார்த்த அன்றோ மறுநாளோ முட்டை பொரித்திருந்தால் கணக்கு சரியாக வரும். இல்லையென்றால் வராது. நானும் பாய்சாவும் அதைப் பற்றி எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். வெயில் ஏறத் தொடங்கியது. பாய்சா என் முழங்கையைத் தொட்டு, தூருக்கு இடப்புறம் இருபதடி தள்ளியிருந்த ஓர் எருக்கஞ்செடியைக் காட்டினார். கறுப்பு வயிற்று ஆண் பறவை, அலகில் பச்சை வெட்டுக்கிளி ஒன்றைக் குறுக்காகப் பிடித்தபடி, மண்கட்டி ஒன்றின் மேல் நின்று இருபுறமும் பார்த்தது. பிறகு தலையைத் தாழ்த்தி, செடியின் கிழக்குப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தது. வெளியே வந்தபோது அலகில் ஒன்றுமில்லை.